விளையாட்டுப் பொறியும் வணிகர் ஆரூடமும்

யாழ்ப்பாணத்து வீடுகள் சிலவற்றிலே இரண்டு பஞ்சாங்கங்கள் இருப்பதை நேயர்கள் அறிவீர்கள். ஒன்று வாக்கியம், மற்றையது திருக்கணிதம். இரண்டும் ஒத்து நிற்கும் நாளில் குழப்பமில்லை. ஒவ்வாத நாளிலோ விரதம் இன்றா நாளையா என்னும் வழக்கு எழும். அவ்வழக்கை அடுக்களையில் நிற்கும் அம்மையார் ஒரு சொல்லில் தீர்த்துவிடுவார். கணித்தவர் இருவரும் கணிதத்தில் வல்லவர்களே. எனினும் உலை வைப்பவர் எவரோ அவரே நாளை நிச்சயிக்கின்றார்.

இன்று நான் கூறப்புகும் வரலாறும் இத்தன்மையதே. தொலைக்காட்சிப் பெட்டியோடு பொருத்திச் சிறுவரும், இப்பொழுது பெரியோரும், விளையாடும் மின்னணுப் பொறி ஒன்றுண்டு. ஆங்கிலத்திலே அதனைக் கொன்சோல் என்பர். ஐந்து முதல் எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பழைய பொறியைத் தள்ளிப் புதியது வரும். அதனை ‘அடுத்த தலைமுறை’ என்று வணிகர் அழைக்கின்றனர். அடுத்த தலைமுறை எத்தகையதாக இருக்கும், எவர் வெல்வார், எவர் வீழ்வார் என்று ஆரூடம் சொல்வது இக்காலத்தில் ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது.

பள்ளிக்கூட அதிபர் ஒருவருக்கு இதிலே என்ன வேலை என்று கேட்பீர்கள். சில மாதங்களுக்கு முன்னர் எங்கள் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனின் மேசையிலே ஓர் அப்பியாசக் கொப்பியைக் கண்டெடுத்தேன். அதிலே பாடமில்லை, பெயர்களும், அவற்றுக்கு எதிரே விளையாட்டு இறுவட்டுகளின் பெயர்களுமே இருந்தன. எந்த இறுவட்டு எவன் வீட்டில் இருக்கின்றது என்னும் கணக்கு அது. விசாரித்தபோது அவன் அஞ்சவில்லை. என்னிடமே ஒரு கேள்வியைப் போட்டான். “சேர், ஆறு வந்தா அஞ்சின்ர விலை இறங்குமோ?” என்றான். ஐந்து என்றது சோனி கம்பனியின் ஐந்தாம் பிளேஸ்டேஷன். ஆறு என்றது இன்னும் வெளிவராத அடுத்தது. வீட்டிலே கட்டட வேலைக்குச் செல்லும் தந்தையின் வருவாயைக் கணக்கிட்டுக் கேட்கப்பட்ட கேள்வி அது. அதற்கு விடை தேடப்போய்த்தான் இவ்வரலாற்றிலே புகுந்தேன்.

முதற்பொறி 1972 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவிலே வெளிவந்தது. அதன் பெயர் ஒடிசி. விற்றது மக்னவொக்ஸ் கம்பனி. சிந்தித்து ஆக்கியவர் றால்ப் பேயர். நாசிகளின் கொடுமைக்குத் தப்பி 1938 இல் யேர்மனியை விட்டு வெளியேறிய யூதக் குடும்பமொன்றின் மைந்தர் இவர். கருத்துப் புதிது, கருவியும் நன்று. ஆயினும் அக்கம்பனியின் தொலைக்காட்சிப் பெட்டி உள்ளவர்களுக்கே அது பயன்படும் என்று மக்கள் எண்ணிக்கொண்டனர். கம்பனியின் கடைகளில் வைத்தே விற்றமையால் அவ்வெண்ணம் வலுத்தது. இவ்வணிகத்தின் முதற்சறுக்கல் பொறியின் உறுப்பிலே நேர்ந்ததன்று. வாங்குவோர் வீட்டு நிலையை உணராமையால் நேர்ந்தது.

1977 இல் அட்டாரி கம்பனி ஒரு பொறியைக் கொணர்ந்து, விளையாட்டுகளைத் தனித்தனிக் கசற்றுகளில் விற்றது. இன்றுவரை நிலவும் வணிக சூத்திரம் அதனோடு நிலைபெற்றது: விளக்கை மலிவாகக் கொடு, எண்ணெயில் ஆதாயம் எடு. விளக்கு ஒருமுறைதான் வாங்கப்படும். எண்ணெயோ நாடோறும் வேண்டும். ஆனால் எவரும் எண்ணெய் விற்கலாம் என்ற நிலை வந்தபோது கலப்பட எண்ணெயும் பெருகியது. 1982 இல் புகழ்பெற்ற ஒரு திரைப்படத்தின் பெயரால் ஐந்து வாரங்களில் அவசரமாக ஆக்கப்பட்ட விளையாட்டொன்று கடைகளிலே மலைபோற் குவிந்து கிடந்தது. 1983 இல் விற்காத சரக்கை நியூ மெக்சிகோ மாநிலத்து அலமகோர்டோவிலே குப்பைக் குழியிற் கொட்டி மூடினர். 2014 இல் அக்குழியைத் தோண்டி அவற்றை மீள எடுத்தமை வேறு கதை. அந்த வீழ்ச்சியைக் கண்ட ஆரூடக்காரர்கள், இவ்வகைப் பொறியின் காலம் முடிந்தது, இனி வீட்டுக் கணினியே எல்லாம் என்றனர்.

அவர்கள் அவ்வாறு கூறிக்கொண்டிருந்த வேளையிலே யப்பானின் கியோத்தோ நகரத்துக் கம்பனி ஒன்று வேறு வழியிற் சென்றது. நின்டெண்டோ எனப்படும் அக்கம்பனி 1889 இல் பூச்சித்திரக் கடுதாசிகள் செய்து விற்கத் தொடங்கியது. சீட்டாட்டக் கடுதாசியிலே பிழைத்த கடை அது. அதன் பமிக்கொம் என்னும் பொறி யப்பானிலே விற்பனைக்கு வந்த நாள் 1983 யூலை 15. அதே யூலையின் கடைசி வாரம் இலங்கைத் தமிழருக்கு எத்தகையது என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. அதன் பின் இலண்டனுக்கும் தொறன்ரோவுக்கும் போய்ச் சேர்ந்தவர்களின் பிள்ளைகள் அந்தப் பொறியோடு வளர்ந்தனர். இங்கே எஞ்சியவர்களின் பிள்ளைகள் அதனைப் புகைப்படத்தில் கண்டனர்.

அப்பொறியை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்ற விதம் சந்தைத் தந்திரத்துக்கு ஒரு பாடமாகும். 1985 இல் நியூயோர்க் நகரக் கடைக்காரர்கள் விளையாட்டுப் பொறி என்ற சொல்லையே வெறுத்திருந்தனர். ஆகவே நின்டெண்டோ அதனைப் பொழுதுபோக்குச் சாதனம் என்று பெயர் மாற்றி, ஒரு சிறு இயந்திர மனிதப் பொம்மையையும் கூட்டி, பொம்மைக் கடைச் சரக்காக நுழைத்தது. விற்காததை மீள எடுத்துக்கொள்வோம் என்று கடைக்காரருக்கு வாக்கும் கொடுத்தது. மறுபுறம், தன் அனுமதியற்ற கசற் பொறியிலே இயங்காதவாறு பூட்டுச் சில்லு ஒன்றைப் பொருத்திற்று. பிற கம்பனிகள் ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுகளுக்கு மேல் வெளியிடலாகாது எனவும் விதித்தது. எண்ணெய்க் கடைக்கும் தானே காவலிருந்தது எனலாம். உலகெங்கும் 6 கோடிக்கு மேற்பட்ட பொறிகள் விற்பனையாயின.

எனக்கு இவ்வரலாற்றிலே மிகவும் பிடித்த மனிதர் குன்பெய் யொகோய். 1965 இல் நின்டெண்டோவில் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலைக்குச் சேர்ந்தவர். அவருடைய கொள்கை ஒன்றுண்டு. புத்தம்புதிய தொழில்நுட்பத்தைத் துரத்தாதே. பலர் கைபட்டு வாடி, விலை மலிந்து, நன்கு விளங்கிவிட்ட தொழில்நுட்பத்தை எடுத்து, அதற்குப் புதியதொரு பயனைக் கண்டுபிடி என்பதே அதன் சாரம். 1989 ஏப்ரிலில் வெளிவந்த கேம்பாய் என்னும் கைப்பொறி அக்கொள்கையின் பிள்ளை. அதன் திரையிலே வண்ணமில்லை, உள்ளொளியும் இல்லை. அட்டாரியும் சேகாவும் வண்ணத் திரையோடு போட்டிக்கு வந்தபோது கேம்பாய் அழிந்துபோகும் என்று பலரும் கணித்தனர். நடந்ததோ வேறு. சேகாவின் கைப்பொறி ஆறு சிறு பற்றரிகளைச் சில மணித்தியாலத்தில் உறிஞ்சிவிடும். கேம்பாய்க்கு நான்கு பற்றரி போதும். அவையும் பத்து மணித்தியாலத்திற்கு மேல் நின்று பிடிக்கும். பிள்ளைக்குப் பற்றரி வாங்கிக் கொடுப்பவர் தாயல்லவா? அடுக்களை தீர்ப்புச் சொல்லிற்று. கேம்பாயும் அதன் பின் வந்த வண்ணத் திரைத் தம்பியுமாக 11 கோடிக்கு மேல் விற்றன. சேகாவின் கைப்பொறி ஏறத்தாழ ஒரு கோடியோடு நின்றது.

பற்றரி என்ற சொல்லைச் சொன்னதும் குடாநாட்டு நேயர்களுக்கு வேறொரு நினைவு வந்திருக்கும். 1990 ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து எங்களுக்கு மின்சாரம் இல்லை. தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலிலே பற்றரியும் இருந்தது. வானொலிச் செய்தி கேட்காமல் ஒரு நாளும் இருக்க முடியாத காலம் அது. என்ன செய்தோம்? துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாய் நிறுத்தி, அதன் டைனமோவிலிருந்து கம்பியிழுத்து வானொலியிற் கொடுத்தோம். ஒருவர் மிதியைச் சுழற்ற, அயலார் சுற்றியிருந்து கேட்பர். பல்கலைக்கழக மாணவனாயிருந்த நானும் எத்தனையோ மாலைகளில் சுழற்றியிருக்கின்றேன். கை தளரும்போது அறிவிப்பாளரின் குரலும் தளரும், “ஓய், கெதியாச் சுத்தும்!” என்று அதட்டல் எழும். மோட்டார் வாகனங்கள் சில துளி பெற்றோலில் முழக்கம் பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. ஜாம் போத்தல் விளக்கிலே நம் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தனர். யொகோயின் பெயரை நாங்கள் கேள்விப்பட்டதில்லை. ஆயினும் வாடிய தொழில்நுட்பத்துக்குப் புதுப்பயன் காண்பதிலே குடாநாட்டுச் சைக்கிள் கடைக்காரர் எவருக்கும் அவர் ஆசிரியராயிருக்கத் தேவையில்லை. அவர் தேர்ந்து எடுத்துக்கொண்டது கொள்கை. எங்களுக்கு வாய்த்தது நிர்ப்பந்தம். இரண்டையும் ஒன்றாக்கிப் பெருமை பேச நான் விரும்பவில்லை.

அந்த யொகோயும் ஒருமுறை தவறினார். கண்ணோடு ஒட்டிப் பார்க்கும் வேர்ச்சுவல் பாய் என்னும் அவருடைய பொறி 1995 இல் வந்து, ஓர் ஆண்டுக்குள்ளே மறைந்தது. அவர் 1997 இல் வீதி விபத்தொன்றில் உயிர் நீத்தார்.

அடுத்து சோனியின் கதை. 1991 யூனில் சிக்காகோ கண்காட்சியிலே, நின்டெண்டோவோடு கூடி இறுவட்டுப் பொறியொன்று செய்கின்றோம் என்று சோனி அறிவித்தது. மறுநாளே அதே கண்காட்சியில் நின்டெண்டோ, பிலிப்ஸ் கம்பனியோடு கைகோத்திருப்பதாகச் சொல்லிற்று. இலக்கினம் பார்த்து, பந்தற்கால் நட்டபின், மணமகள் வேறொரு மாப்பிள்ளையோடு வந்து நின்ற கதைதான். அவமானம் ஆக்கத்துக்கு வித்தாயிற்று. கென் குத்தராகி என்னும் பொறியியலாளரின் முயற்சியால் சோனி தன் சொந்தப் பொறியை 1994 டிசம்பரிலே யப்பானில் வெளியிட்டது. 1995 மேயில் லொஸ் ஏஞ்சலிஸ் கண்காட்சியில் சேகா தன் புதிய பொறியின் விலை 399 டொலர் என்றது. பின்னர் மேடையேறிய சோனி அலுவலர் 299 என்னும் எண்ணை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். மண்டபம் ஆர்ப்பரித்தது. 2001 இல் சேகா பொறி செய்வதையே கைவிட்டது.

பிளேஸ்டேஷன் ஐரோப்பியக் கடைகளுக்கு வந்தது 1995 செப்டெம்பர் இறுதியில். அதற்கு ஒரு மாதம் கழித்து, ஒக்டோபர் 30 ஆம் நாள், வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தனர். உலகச் சந்தையின் நாட்காட்டியில் நாங்கள் எங்கே நின்றோம் என்பதற்கு அவ்விரு தேதிகளே சான்று. எந்த ஆரூடக்காரரும் எங்களைக் கணக்கிற் சேர்த்ததில்லை, சேர்க்கவும் முடிந்திராது.

எங்களிடம் அப்பொறிகள் வந்தது வேறு வழியாலாகும். தாய்வானிலும் சீனாவிலும் பமிக்கொம்மைப் பார்த்துச் செய்த போலிப் பொறிகள் ‘ரீவி கேம்’ என்ற பெயரிலே கொழும்புக் கடைகளில் நிறைந்தன. ஒரே கசற்றில் ஆயிரக்கணக்கான விளையாட்டு என்று அட்டையில் அச்சிட்டிருக்கும். உள்ளே பத்துப் பதினைந்துதான் திரும்பத் திரும்ப வரும். 2002 இல் யுத்த நிறுத்தம் ஏற்பட்டு ஏ-9 வீதி திறந்தபோது அவை பெட்டி பெட்டியாக வந்திறங்கின. அவற்றின் பின்னே பிளேஸ்டேஷனும் வந்தது. மணிக்கணக்கிற்குக் காசு வாங்கி விளையாடவிடும் சிறு கடைகளும் வந்தன. இறுவட்டுகளிற் பெரும்பாலன பிரதி செய்யப்பட்டவை என்பதை மறைப்பதிற் பயனில்லை. சட்டம் அதனைத் திருட்டு என்கின்றது. நானும் மாணவருக்கு அவ்வாறே சொல்வேன். ஆனால் வரலாறு எழுதுவோன் இதையும் எழுதல் வேண்டும்: ஆசிய நாடுகளிலே அப்பொறியின் புகழைப் பரப்பியதில் அந்தப் பிரதிகளுக்கும் பங்குண்டு.

2000 மார்ச்சில் வந்த இரண்டாம் பிளேஸ்டேஷன் 15 கோடிக்கு மேல் விற்றது. விளையாட்டு மட்டும் காரணமன்று; அது திரைப்பட டிவிடி இறுவட்டையும் ஓட்டியது. ஒரு பொறி வாங்கினால் தந்தைக்குப் படமும் மைந்தனுக்கு விளையாட்டும் ஆயிற்று. வெற்றியின் மயக்கத்திலே 2006 இல் சோனி மூன்றாம் பொறியை 499, 599 டொலர் என்னும் விலைகளிற் கொண்டுவந்தது. இன்னும் சில மணித்தியாலம் கூடுதலாக உழைத்தாவது இதனை வாங்குவேன் என்று மக்கள் நினைக்க வேண்டும் என்னும் கருத்துப்பட குத்தராகி முன்னரே பேசியிருந்தார். அதே நவம்பரில் நின்டெண்டோவின் வீ 249 டொலருக்கு வந்தது. ஆற்றலில் மிகவும் எளியது. ஆனால் கையை வீசினால் திரையிலே பந்தடிக்கலாம். பேரப்பிள்ளையோடு பாட்டியும் விளையாடினாள். வீ 10 கோடிக்கு மேல் விற்க, மூன்றாம் பிளேஸ்டேஷன் அதனை எட்டவில்லை. அடுத்து 2012 இல் அதே நின்டெண்டோ கொணர்ந்த வீ-யூ 1 கோடி 36 இலட்சத்தோடு படுத்துவிட்டது. நேற்றைய வெற்றியின் பெயரை ஒட்டிக்கொண்டால் நாளைய வெற்றி வரும் என்பதும் ஓர் ஆரூடமே, அதுவும் பொய்த்தது.

இக்காலத்தில் இரண்டு பெரிய தீர்க்கதரிசனங்கள் உலாவின. கைத்தொலைபேசி வந்துவிட்டது, இனி இப்பொறிகள் எதற்கு என்பது ஒன்று. 2017 மார்ச்சில் வந்த நின்டெண்டோ சுவிட்ச், தொலைக்காட்சியிலும் கையிலும் விளையாடக்கூடியது, 15 கோடிக்கு மேல் விற்று அதற்கு விடையிறுத்தது. அதன் சில்லும் அன்று உலகின் உச்சச் சில்லன்று, வாடிய தொழில்நுட்பமே. பொறியே வேண்டாம், இணையத்தின் வழியே விளையாட்டு பாய்ந்து வரும் என்பது மற்றையது. கூகுள் 2019 நவம்பரில் ஸ்டேடியா என்னும் பெயரிலே அதனைத் தொடங்கியது. 2023 சனவரியில் மூடியது.

நம் மாணவனின் கொப்பிக்கு நேரே தொடர்புடைய நிகழ்ச்சி 2013 இல் நடந்தது. அவ்வாண்டு மே மாதம் மைக்ரோசொப்ட் தன் எக்ஸ்பொக்ஸ் வன் பொறியை அறிமுகம் செய்தது. பொறி நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தோடு பேசியாக வேண்டும். வாங்கிய இறுவட்டை இரவல் கொடுப்பதற்கும் மறுவிற்பனை செய்வதற்கும் கட்டுப்பாடு உண்டு என்றது. மக்கள் கொதித்தெழுந்தனர். சோனி தன் பொறியிலே இறுவட்டை நண்பனுக்குக் கொடுப்பது எப்படி என்று ஒரு சிறு படம் எடுத்துக் காட்டியது: ஒருவர் கொடுக்கின்றார், மற்றவர் வாங்குகின்றார், படம் முடிந்தது. விலையும் நூறு டொலர் குறைவு. யூன் 19 ஆம் நாள் மைக்ரோசொப்ட் பின்வாங்கியது.

பின்வாங்கியது உண்மை. ஆனால் அன்று வாசலால் நுழைய முடியாதது பின்னர் பலகணியால் நுழைந்துவிட்டது. 2020 இல் ஐந்தாம் பிளேஸ்டேஷன் வந்தபோது இறுவட்டு வாயில் இல்லாத மலிவுப் பதிப்பும் கூடவே வந்தது. 2024 நவம்பரில் வந்த 700 டொலர் உயர்பதிப்பிலோ இறுவட்டு வாயிலைத் தனியே காசு கொடுத்து வாங்க வேண்டும். இணையத்தில் வாங்கிய விளையாட்டை இரவல் கொடுக்க முடியாது; அரை விலைக்கு விற்கவும் முடியாது. அதுவும் போக, 2024 இல் பிளேஸ்டேஷன் இணையக் கணக்குத் திறக்கக்கூடிய நாடுகளின் பட்டியலிலே இந்தியா இருந்தது, இலங்கை இருக்கவில்லை. நம் பிள்ளைகள் வேறு நாட்டு முகவரியைச் சொல்லி நுழைய வேண்டியிருந்தது.

இனி விலை. நாற்பது ஆண்டுகளாக ஒரு நியதி இருந்தது. புதிய பொறி வரும்; ஈராண்டில் அதன் விலை இறங்கும்; அடுத்தது வரும்போது பழையது ஏழைக்கும் எட்டும். சில்லுகள் ஆண்டுதோறும் சிறுத்து மலிந்தமையே அதற்குக் காரணம். அந்த மலிவு இப்பொழுது தளர்ந்துவிட்டது. ஐந்தாம் பிளேஸ்டேஷன் வெளிவந்து ஏறத்தாழ ஈராண்டின் பின், 2022 ஓகஸ்டில், ஐரோப்பாவிலும் யப்பானிலும் பிற நாடுகள் சிலவற்றிலும் விலை ஏறியது. 2025 ஓகஸ்டில் அமெரிக்காவிலும் 500 டொலர்ப் பொறி 550 ஆயிற்று. 2025 யூனில் இரண்டாம் சுவிட்ச் 450 டொலருக்கு வந்தது. முதலாவது 300 டொலருக்கு வந்தது.

எங்கள் நாட்டிலோ ஏற்றம் இரட்டை. அவசியமற்ற பொருள்களின் இறக்குமதிக்கு 2020 இலிருந்தே கட்டுப்பாடுகள் வந்தன. 2022 இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியது. 500 டொலர்ப் பொறி, வரியும் வணிகர் ஆதாயமும் சேர்க்காமலே, ஓர் இலட்சம் ரூபாவிலிருந்து ஓர் இலட்சத்து எண்பதினாயிரமாயிற்று. அவ்வாண்டு மார்ச்சிலே ஒரு நாளிற் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டும் இருந்தது. ஜாம் போத்தலைத் தேடி எடுத்த வீடுகளை நான் அறிவேன்.

அடுத்த தலைமுறை பற்றி இன்று சொல்லப்படுவன பல. 2025 இல் மைக்ரோசொப்டும் சோனியும் ஏ.எம்.டி. கம்பனியோடு சேர்ந்து எதிர்காலச் சில்லுகளை வகுப்பதாகப் பகிரங்கமாக அறிவித்தன. செயற்கை நுண்ணறிவு படத்தைத் தானே தீட்டும் என்கின்றனர். விலை ஏறும் என்போரும் இறுவட்டு ஒழியும் என்போரும் உளர். இவற்றுள் எது பலிக்கும் என்று சொல்ல நான் துணியேன். கடந்த ஐம்பது ஆண்டுகளிலே பொறியின் வேகத்தைப் பார்த்துச் சொன்னவை பலமுறை பொய்த்தன. வாங்குவோர் வீட்டைப் பார்த்துச் சொன்னவை ஓரளவு பலித்தன. அந்த வீடுகளுள்ளும் மின்வெட்டுள்ள வீடு, கடன் உள்ள வீடு, இரவலிலே விளையாடும் வீடு என்பன எந்தக் கம்பனியின் மேசையில் கணக்கெடுக்கப்படுகின்றன என்பதே என் ஐயம்.

மாணவனிடம் இதைச் சுருக்கிச் சொன்னேன். முன்பெல்லாம் இறங்கியது, இம்முறை இறங்கும் என்று நம்பி இருக்காதே என்றேன். அவன் சற்றே யோசித்தான். கனடாவிலிருந்து மாமா தம் பழைய நான்காம் பிளேஸ்டேஷனை அனுப்புவதாகச் சொல்லியிருக்கின்றார் என்றும், அதிலே இறுவட்டு போடலாம் என்றும், கூடவே ஒன்பது இறுவட்டுகள் வருகின்றன என்றும் சொன்னான். அவ்வொன்பதும் வந்து சேருமுன்னரே கொப்பியின் கடைசிப் பக்கத்திலே எழுதப்பட்டிருந்தன. முதலிற் பெறுவோர் பெயர்களும் எதிரே இருந்தன. எங்கள் பாடசாலை நூலகத்தின் இரவற் பதிவேடும் அத்துணை ஒழுங்காக இல்லை. திருப்பித் தரவேண்டிய திகதிக்கு ஒரு நிரல் கீறிக்கொள்ளும்படி சொல்லிக் கொப்பியைக் கையிலே கொடுத்தேன்.